மொறுமொறுப்பு போன இரண்டு வருடம்

பிராங்க்ளினை நாங்கள் இரண்டு வருடம் ஏமாற்றினோம். நாங்கள் என்றால் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழு. அதில் முதல் குற்றவாளி நான். என் பெயர் லூர்துராணி. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடகர் குழுவை நடத்துவதும் நான்தான். வாய் கொஞ்சம் நீளம் என்று பேர் வாங்கியவள். அப்பேர்ப்பட்ட நானே ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை இரண்டு வருடம் சொல்லாமல் இருந்தேன். ஏன் என்று யாராவது கேட்டால் அவர் மனசு நோகக் கூடாதே என்று சொல்லிக்கொண்டோம். இப்போது அப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பிராங்க்ளினுக்கு ஐம்பத்தேழு வயது. துவாக்குடியில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில் ஒரு ஃபிளாட். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து துவாக்குடி பஸ் பிடிப்பார், சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். பார்ப்பதற்கு, பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இறங்கிப் போனபின் முகமே ஞாபகம் வராத ஆள். பேச ஆரம்பித்தால்தான் தெரியும்.

அவருக்கு மூன்று பைத்தியங்கள். முதலாவது, புதுசாக எந்தச் சாமான் சந்தைக்கு வந்தாலும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். பார்சல் வந்த அன்றே பிரித்து, கூட வரும் புத்தகத்தைச் சீன மொழிப் பக்கங்கள் நீங்கலாக ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். காபித்தூளை எடை போட ஒரு குட்டித் தராசு, ஸ்கூட்டர் முன்னால் ஒரு கேமரா, ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர், கைதட்டினால் எரியும் பல்பு. இந்தப் பல்பு, வீட்டில் லின்சி சப்பாத்தி தட்டும்போதெல்லாம் எரிந்து அணைந்துகொண்டிருந்ததால் மூன்றாம் நாள் கழற்றப்பட்டது. லின்சி அவர் மனைவி, பொறுமைசாலி. காபியின் சூட்டைப் பார்க்கப் பேனா போல ஒரு தெர்மாமீட்டரும் சட்டைப் பையில் இருக்கும். ராஜகோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் அதை டபராவுக்குள் விட்டிருக்கிறார்.

"என்ன சார், காபிக்கு ஜுரமா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர்.

"எழுபத்திரண்டு டிகிரி. ஒரு நாலு குறைஞ்சா சரியா இருக்கும்."

அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்கு டாக்டர் என்று பேர்.

இரண்டாவது பைத்தியம் தீனி. எந்தக் கடையில் எது, எத்தனை மணிக்குச் சூடாக இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாப்பிட்ட கையோடு எங்கள் பாடகர் குழுவின் வாட்ஸப்பில் குரல் பதிவு போடுவார். வாய் ருசி பார்ப்பதற்கு முன்னால் காது பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதனால் முதலில் ஒரு கடி, அதன் சத்தம், அப்புறம்தான் பேச்சு. சிங்காரத்தோப்பில் முஜிபுர் ரஹ்மான் பாய் போடும் வெங்காய சமோசாவுக்கு அவர் கொடுத்த பதிவு எங்கள் குழுவில் பிரசித்தம். படக்கென்று ஒரு கடி, பிறகு நீண்ட மௌனம், பிறகு, "கேட்டீங்களா? இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டு நாங்கள் ஆறு பேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சாப்பிட்டோம்.

மூன்றாவது, பாட்டு. இதைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன், மற்ற இரண்டும் இதிலிருந்து கிளம்பியதுதான். எங்கள் கோயிலில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால் அவர் கையாலேயே வயர் பற்றவைத்து அமைத்தவை. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசைக்கு ஏழு மணிக்கே ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிடுவார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் அவருடைய மேஜை. அதன்மேல் மிக்சர் பெட்டி. எந்த மைக்கை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலில் இருந்தது. சம்பளம் கிடையாது. பங்குத் திருவிழாவில் ஒரு சால்வை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார். லேபில் அவர் டெக்னீஷியன். இங்கே அவர் சொன்னதுதான் சத்தம். பூசை முடிந்ததும் எங்களிடம் வந்து, "சவுண்ட் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். கேட்காமல் ஒரு ஞாயிறும் போனதில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் கெட ஆரம்பித்தது. பாட்டில் ஸ வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது. கீபோர்டின் மேல் கட்டைகள் கூசின. ஃபாதர், "சகோதர சகோதரிகளே" என்று ஆரம்பித்தாலே முன்வரிசைப் பெண்கள் முக்காட்டைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிராங்க்ளினோ கண்ணை மூடி ரசித்துக்கொண்டு, மிக்சரில் கீச்சென்ற மேல் சத்தத்துக்கான குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

ஜோஸ் என்று எங்கள் குழுவில் ஒருவன், முப்பது வயது, கல்யாண மண்டபங்களுக்கு ஒலி அமைப்பவன். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"டீச்சர், சாருக்கு மேல் சத்தம் காதுல விழல. அதான் ஏத்திக்கிட்டே போறாரு. வயசானா முதல்ல அதுதான் போகும். சொல்லிடலாமா?"

"வேண்டாம்" என்றது நான். அந்த வார்த்தை என்னுடையது, வேறு யார் மேலும் போட மாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த மேஜையில் உட்கார்ந்தவரிடம் போய், உமக்குக் காது போய்விட்டது என்று யார் சொல்வது? கேட்டால் எழுந்து போய்விடுவார், மனிதர் இடிந்துவிடுவார் என்று நானே முடிவு கட்டினேன். அவரிடம் கேட்டா கட்டினேன்? இல்லை.

எங்கள் பாடகர் குழுவுக்கு இது ஒரு பழக்கம். ஒருத்தர் சுருதி தப்பினால் பக்கத்தில் நிற்பவர் குரலை உயர்த்தி மூடிவிடுவார். யாரும் யாரையும் சுட்டிக்காட்ட மாட்டோம். அது பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிராங்க்ளினையும் அதே மாதிரி மூடினோம். மிக்சரிலிருந்து போகும் வயர், பீடத்துக்குப் பின்னால் ஃபாதர் உடை மாற்றும் அறையில் ஒரு அலமாரிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் போய்ச் சேரும். ஜோஸ் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினான். பிராங்க்ளின் எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பெட்டி மேல் சத்தத்தை வெட்டிவிடும். அலமாரிச் சாவி, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம். மற்ற பூசைகளுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை என்பதால், கோயில்பிள்ளைக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டினேன். டீச்சர் புத்தி. எதை எடுத்தாலும் லேபிள் ஒட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அடுத்த ஞாயிறு சத்தம் பழையபடி தேனாக இருந்தது. பிராங்க்ளின் வந்து கேட்டார். "பிரமாதம்" என்றோம். பதினேழு பேரும் ஒரே குரலில்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று அப்போது நினைத்தோம். அவருடைய குரல் பதிவுகளின் தொனி மாறியது. எந்தக் கடையின் எந்தப் பண்டமும் சரியில்லை. முறுக்கு நமுத்துப்போயிருக்கிறது. மசால் வடையில் உயிரில்லை. நெய் ரோஸ்ட் என்று துணியை மடித்துக் கொடுக்கிறார்கள். கடைசியில் முஜிபுர் பாய் கடைக்கும் வந்தது வினை. "சொல்லவே கஷ்டமா இருக்கு. பாய் சமோசாவுலயும் மொறுமொறுப்பு போச்சு" என்று ஒரு பதிவு. பாய் அதைக் கேட்டு எண்ணெயை மாற்றினார், மைதாவை மாற்றினார், சமோசாவுக்கான மாவுப் பட்டியை இன்னும் மெல்லிசாகத் தேய்த்தார். இவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டிலும் விடவில்லை. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மின் அடுப்பு ஒன்று வாங்கினார், அடுத்து அதைவிடப் பெரிதாக ஒன்று. லின்சி வாழைக்காய் வறுத்துத் தட்டில் போட்டால், "வேகல" என்பார். திரும்பப் போட்டால் கருகும். கருகியதையும் தின்று, "இன்னும் சத்தம் வரலியே" என்பாராம். பாட்டு கேட்கும் ஸ்பீக்கரை ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றினார். "இப்பல்லாம் ரெக்கார்டிங்ல பளபளப்பே இல்ல டீச்சர்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். மொறுமொறுப்பும் மேல் சத்தம்தான், சமோசாவும் ஸ்பீக்கரும் ஒரே வியாதி என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. கணக்கு டீச்சர் என்று பேர், இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியவில்லை.

இந்த வருடம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி ஒத்திகை. பிராங்க்ளின் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ஒரு புதுப் பெட்டி.

"டீச்சர், இதைப் பாருங்க. சத்தத்தை அளக்குறது. கீழ் சத்தம் இந்தப் பக்கம், மேல் சத்தம் அந்தப் பக்கம், கோடு கோடா ஏறி இறங்கும்."

நாங்கள் பாட, அவர் அந்தக் கருவியைக் கோயில் நடுவில் நிற்க வைத்துவிட்டு, மேஜைக்கும் அதற்குமாக நடந்தார். குமிழைத் திருகுவார், ஓடி வந்து பார்ப்பார், மறுபடி ஓடுவார். எவ்வளவு திருகினாலும் வலப் பக்கக் கோடுகள் மேலே ஏறவே இல்லை.

"ஆம்ப்ளிஃபயர்ல ஏதோ போயிருக்கு. நான் ஏத்துற மேல் சத்தம் வெளிய வரல. இத்தனை நாளா இப்படியேவா ஓடிட்டு இருந்துச்சு? யாரும் சொல்லலியே!"

"நாளைக்கு ஜோஸைப் பாக்கச் சொல்லலாம், விடுங்க" என்றேன்.

"ஜோஸ் எதுக்கு? என் வயரிங் டீச்சர் அது."

கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. அலமாரி திறந்தது. அவருக்குப் பெட்டியைப் புரிந்துகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் சீட்டைப் படித்தார். என் அழகான கையெழுத்தில், சிவப்பு மையில்: 'பிராங்க்ளின் சார் வரும்போது மட்டும் இதை ஆன் செய்யவும். அவரிடம் சொல்ல வேண்டாம்.'

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "உங்க கையெழுத்துதானே" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கோயில் நடுவில் இருந்த கருவியை அதன் பெட்டிக்குள் வைத்து, மேல் அட்டையை ஒட்டும் டேப்பைக்கூடச் சரியாக ஒட்டிக்கொண்டு போனார். அன்று இரவுக்குள் வாட்ஸப் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் ஜோஸ் உட்கார்ந்தான். உட்காரும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். போனை எடுக்காத மனிதரை நேரில்தான் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்பது, மேஜைக்குத் திரும்ப அழைப்பது, இரண்டில் எது முதலில் என்று பாலம் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

லின்சி கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. உள்ள இருக்கார். அந்த மெஷினை வச்சுக்கிட்டு என்னத்தையோ வரைஞ்சிட்டே இருக்கார்" என்றாள். குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள். தாழ்த்த வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறுத்தியது.

பிராங்க்ளின் சாப்பாட்டு மேஜையில் கிராஃப் தாளோடு உட்கார்ந்திருந்தார். போனில் ஒவ்வொரு சத்தமாக ஓட விட்டு, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தன் காதைத் தானே அளந்திருக்கிறார். தாளில் ஒரு கோடு சமமாகப் போய்ப் பாதிக்கு மேல் விழுந்து கிடந்தது.

"பாருங்க டீச்சர். இது வரைக்கும் சரியா இருக்கு. இதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. லின்சிக்கு எல்லாம் கேக்குது, எனக்கு மெஷின் ஆஃப் ஆன மாதிரி இருக்கு."

"பிராங்க்ளின், உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்..."

"காது போனதுல எனக்கு வருத்தம் இருக்கு. கோபம் இல்ல" என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு ஞாயிறும் உங்ககிட்ட வந்து கேட்டேன். எதுக்குக் கேட்டேன்? பாராட்டு வாங்கவா? சரியா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க. நீங்க பிரமாதம்னீங்க. நான் அதை நம்பிப் போய், முஜிபுர் பாய் சமோசா சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். இவ வறுத்ததைக் குறை சொல்லிச் சொல்லி அழ வச்சேன். நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தப்பு என் காதுலன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

லின்சி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் பேசவில்லை. பேசியிருந்தால்தான் தப்பு.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இவருக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம், இவர் நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாரே என்று. அப்புறம், லின்சி கொண்டுவந்த காபியைக் குடிக்கும்போது, எங்கள் பாடு எதற்காக என்று யோசித்தேன். அவர் முகத்துக்கு நேரே ஒரு சங்கடமான நிமிடம் நின்றாக வேண்டும், அதற்குப் பயந்தோம். அதைத் தவிர்க்கத்தான் பெட்டி, வயர், சீட்டு எல்லாம்.

"நான் பண்ணது தப்பு" என்றேன். "மேஜைக்கு வாங்க."

"காது இல்லாதவனுக்கு அந்த நாற்காலி எதுக்கு டீச்சர்? ஜோஸ் நல்லா பண்ணுவான்."

"காதுக்கு மெஷின் இருக்கே. ஊர்ல இருக்கிற மெஷின் எல்லாம் வாங்கினீங்க, அது ஒண்ணை விட்டுட்டீங்களே."

அவர் மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டார். லின்சிதான் பதில் சொன்னாள். "அதையேதான்கா நானும் சொல்றேன். அது மட்டும் கிழவங்க சாமானாம்."

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், முஜிபுர் பாயே எனக்குப் போன் செய்தார். நான் சமோசா ஆர்டர் கொடுக்கும் பழக்கத்தில் என் நம்பர் அவரிடம் இருந்தது.

"டீச்சரம்மா, உங்க பிராங்க்ளின் சார் இப்பதான் வந்துட்டுப் போனாரு. ரெண்டு காதுலயும் என்னமோ மாட்டியிருக்காரு. ஒரு சமோசாவைக் கடிச்சாரு, அப்படியே நின்னுட்டாரு. நான் பயந்துட்டேன், பல்லு கில்லு போச்சோன்னு. அப்புறம் பாத்தா கண்ணு கலங்கியிருக்கு. 'பாய், உங்க மேல தப்பே இல்ல, ரெண்டு வருஷமா என் மேலதான் தப்பு'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பழைய எண்ணெய்க்கே திரும்பிடலாம்னாரு. இன்ஷா அல்லாஹ், திரும்பிடுவேன். புது எண்ணெய் விலை கூடுதல் டீச்சரம்மா, எனக்கும் நிம்மதி."

பிராங்க்ளின் எங்கெங்கே குறை சொல்லியிருந்தாரோ அத்தனை கடைக்கும் போயிருக்கிறார். ஒவ்வொரு கடையிலும் தின்று, ஒவ்வொரு கடையிலும் மன்னிப்பு. அந்த வாரம் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனதாக லின்சி சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். வாழைக்காய் வறுவலுக்கு மட்டும் மூன்று நாள் மன்னிப்பு நடந்ததாம்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை ஒத்திகைக்கு அவர் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இரண்டு சின்னத் துண்டுகள். வெட்கப்படுவார் என்று நாங்கள் வேறு பக்கம் பார்க்க, அவரோ ஜோஸைப் பிடித்துக்கொண்டார்.

"இதை போன்லயே கூட்டலாம், குறைக்கலாம் ஜோஸ். ஹோட்டலுக்குன்னு தனி செட்டிங், பாட்டுக்குன்னு தனி செட்டிங். பாட்டு செட்டிங்கை நானே கொஞ்சம் மாத்தியிருக்கேன். கம்பெனிக்காரன் போட்டது சுமார்தான்."

ஜோஸ் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தான். பிராங்க்ளின் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பெட்டிதான்" என்றார். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு லேசானது. செய்த தப்பு சரியாகிவிட்டது, இனி எல்லாம் பழையபடி என்று நினைத்தேன்.

அன்று, ஈஸ்டருக்கு முந்திய இரவுப் பூசையான பாஸ்காவின் அல்லேலூயாவை ஒத்திகை பார்த்தோம். தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் கோயிலில் அந்த வார்த்தையைப் பாட மாட்டோம். பாஸ்காவில்தான் அது திரும்பி வரும். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றித் தனியாக ஒருவர் பாட வேண்டும், பிறகு கோயிலே சேர்ந்துகொள்ளும். பத்தொன்பது வருடமாக அதைப் பாடுவது நான். வருடம் முழுக்க நான் காத்திருப்பதே அதற்குத்தான். முதல் முறை பாடினேன். இரண்டாவது பாடினேன். மூன்றாவதைப் பாடி முடித்து மேஜையைப் பார்த்தேன். பிராங்க்ளின் குமிழைத் தொடவே இல்லை. எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். வெளிய போய்ச் சொல்லட்டுமா, இங்கயே சொல்லவா?"

"இங்கயே சொல்லுங்க."

"மேல போற இடத்துல உங்க குரல் உடையுது. மூணாவதுல ரொம்ப."

யாராவது "இல்லை" என்று சொல்வார்கள் என்று ஒரு கணம் பார்த்தேன். பதினாறு பேரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோனது. முதல் வரிசையில் நிற்கும் ஆன்சியைப் பார்த்தேன். இருபத்தாறு வயது, நான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்.

"எவ்வளவு நாளா ஆன்சி?"

"டீச்சர்..." என்றாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "போன பாஸ்காவுலயே. நாங்க மூணாவதுல கொஞ்சம் சீக்கிரமா சேர்ந்துக்குவோம். உடையுறது வெளிய தெரியாது."

அவர்கள் என்னையும் மூடியிருக்கிறார்கள். நான் கற்றுக்கொடுத்த வழக்கப்படியே. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை பேர் முன்னால் சொன்ன பிராங்க்ளின் மேல் கோபம், சொல்லாத இவர்கள் மேல் அதைவிடக் கோபம், ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடி உருகி உருகிப் பாடிய என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். அலமாரி முன்னால் அந்தச் சீட்டைப் படித்துக்கொண்டு நின்றாரே, அவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஸ்ரீரங்கம் போய் மன்னிப்புக் கேட்ட அன்று தெரிந்ததாக நினைத்தேன். தெரியவில்லை.

பிராங்க்ளின் போகாமல் நின்றார்.

"மறைக்கணும்னா மறைக்கலாம் டீச்சர். ஆன்சி மைக்கை அடியில சேர்த்து வச்சு, உங்களுதைக் குறைச்சு, கொஞ்சம் எக்கோ போட்டா யாருக்கும் தெரியாது. எனக்கு அது கஷ்டமே இல்ல. ஆனா உங்களுக்குத் தெரியாம பண்ண மாட்டேன். நீங்க சொல்லுங்க, எப்படிச் செய்யணுமோ அப்படிச் செய்றேன்."

செய்யுங்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு வருடம் மட்டும் என்று வாய் வரை வந்தது. பாட்டுத் தாள் என் கை வியர்வையில் நனைந்திருந்தது.

"வேண்டாம்" என்றேன். தாளை ஆன்சியிடம் நீட்டினேன். அவள் வாங்கத் தயங்கினாள். "பிடி. மூணாவதுல மூச்சை முன்னாடியே எடுத்துக்கோ, அங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க" என்று டீச்சர் குரலில் அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன்.

பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "என் மைக்கை ஆஃப் பண்ணிடுங்க பிராங்க்ளின்."

"ஆஃப் எதுக்கு? மேலதான் உடையுது. கீழ உங்க குரல் நல்லா இருக்கு, யாருக்கும் இல்லாத கனம் அதுல இருக்கு. ஆல்டோவுல, கீழ்க்குரல் பாடுற ரெண்டாவது வரிசையில நில்லுங்க. அங்கதான் நமக்கு ஆள் பத்தல" என்றார்.

இருபத்துமூன்று வருடத்தில் அவர் என்னை எத்தனையோ முறை பாராட்டியிருக்கிறார். கடைசி இரண்டு வருடம் அவருக்கு என் குரலின் பாதி கேட்கவில்லை என்று தெரிந்தும், அந்தப் பாராட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டவள் நான். இந்த ஒன்றை மட்டும் சந்தேகமில்லாமல் நம்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது வரிசைக்குப் போய் நின்றேன்.